மனத்தை அடக்குவதா, பழக்குவதா? யோக தத்துவம் காட்டும் வழி

தியானம் செய்ய அமர்ந்த இரண்டாவது நிமிடத்திலேயே மாதத் தவணை, அலுவலகப் பணி, நேற்றைய வாக்குவாதம் என மனம் அலையத் தொடங்குகிறது. 'எனக்கு இது வராது' என்று பலர் அன்றே பயிற்சியைக் கைவிடுகின்றனர். ஆனால், யோக தத்துவத்தின் அடிப்படை நூலும் அதன் பழைய உரையும் இந்த அலைச்சலைத் தோல்வியாகக் கருதவில்லை. பயிற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது என்கின்றன.

ஐ.நா. பொதுச் சபை 2014 டிசம்பர் 11 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தைத் தொடர்ந்து, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. யோகா என்றதும் விரிப்பும் ஆசனங்களுமே நினைவுக்கு வருகின்றன. எனினும், பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ள 195 சூத்திரங்களில் (சில பதிப்புகளில் 196) ஆசனத்தை விளக்குபவை மூன்று மட்டுமே. நூலின் மையப்பொருள் மனமே.

மனத்தின் ஐந்து அசைவுகள்

மனம், அறிவு, நான் என்னும் உணர்வு ஆகிய அனைத்தையும் சேர்த்துச் 'சித்தம்' என்கிறது யோக தத்துவம். அதில் எழும் அசைவுகள் 'விருத்திகள்'. இவை ஐந்து வகைப்படும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு: நண்பருக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்று கண்ணால் கண்டு அறிவது பிரமாணம், அதாவது சரியான அறிதல். அவர் வேலையில் மூழ்கியிருக்க, 'என் மீது கோபமாக இருக்கிறார்' என்று முடிவு செய்வது விபர்யயம் என்னும் தவறான அறிதல். இல்லாத ஒன்றைச் சொற்களாலேயே கட்டி எழுப்பி, அவருடன் மனத்துக்குள் ஒரு சண்டையை நடத்துவது விகல்பம். பழைய பிணக்கை மீண்டும் நினைப்பது ஸ்மிருதி. ஐந்தாவது, நித்திரை. விழித்தெழுந்ததும் 'நன்றாக உறங்கினேன்' என்று சொல்ல முடிவதால், உறக்கமும் மனத்தின் ஓர் அனுபவமே என்று உரையாசிரியர்கள் விளக்குகின்றனர்.

இந்த ஐந்தும் தம்மளவில் தீயவை அல்ல. துன்பம் தருவனவாகவும், தராதனவாகவும் இருக்கலாம். நடந்தது எது, நாம் கற்பித்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் பயிற்சி. கோபம் மனத்தில் எழும் ஓர் அசைவு. அதைக் காண்பவர் வேறு. இந்த வேறுபாட்டை உணர்வதே யோக தத்துவத்தின் இலக்கு.

துன்பத்தின் வேர்கள்

மனம் ஒரே வகையான துயரில் மீண்டும் மீண்டும் சிக்குவதற்கு ஐந்து 'கிலேசங்கள்' காரணமாகக் கூறப்படுகின்றன. மெய்ம்மையை அறியாமை, 'நான்' என்னும் முனைப்பு, விருப்பு, வெறுப்பு, உயிர்மீதுள்ள பற்று ஆகியவை அவை. இவற்றுள் அறியாமையே மற்ற நான்கும் முளைக்கும் நிலம். இறுதியில் கூறப்படும் உயிர்ப்பற்று, கற்றறிந்தவர்களையும் விடுவதில்லை என்று நூல் ஒப்புக்கொள்கிறது.

பயிற்சியும் பற்றின்மையும்

மனத்தை நிலைப்படுத்த இரண்டு வழிகள் சேர்த்தே சொல்லப்படுகின்றன. ஒன்று, அப்பியாசம் என்னும் இடைவிடாப் பயிற்சி. நீண்ட காலம், விடாமல், ஈடுபாட்டுடன் செய்தால்தான் அது வேரூன்றும். மற்றொன்று, வைராக்கியம். கண்டவை, கேட்டவை எல்லாம் வேண்டும் என்ற வேட்கைக்கு ஆளாகாமல் இருக்கும் தெளிவு அது.

வியாசர் பெயரில் வழங்கும் பழைய உரை, மனத்தின் நிலைகளை ஐந்தாகப் பகுக்கிறது: அலைபாய்வது, மந்தமாகிக் கிடப்பது, சற்று நிலைபெற்று மீண்டும் சிதறுவது, ஒருமுகப்படுவது, முற்றிலும் அடங்குவது. சிதறும் மனம் உடையவர் யோகத்தில் எவ்வாறு ஈடுபடுவது என்பதை விளக்கவே நூலின் இரண்டாம் அத்தியாயம் தொடங்குவதாகவும் அவ்வுரை கூறுகிறது.

பிறரிடம் நான்கு மனப்பாங்குகள்

மனப்பயிற்சி கண்மூடி அமர்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் உரியதன்று. மகிழ்ச்சியாக இருப்பவரிடம் நட்பு, துன்புறுபவரிடம் கருணை, நற்செயல் புரிபவரைக் கண்டு உவகை, தீயவரிடம் சமநிலை ஆகிய நான்கும் மனத்தைத் தெளியவைக்கும் என்கிறார் பதஞ்சலி. உடன் பணிபுரிபவரின் பதவி உயர்வுச் செய்தியை சமூக ஊடகத்தில் காணும்போது எழும் சிறு பொறாமையைக் கவனித்து, அங்கே நட்பை வரவழைப்பதும் யோகப் பயிற்சியே.

பிறரைப் புண்படுத்தும் எண்ணம் எழுந்தால், அதற்கு எதிரான எண்ணத்தை வளர்க்கும் 'பிரதிபட்ச பாவனை'யும் கூறப்பட்டுள்ளது. கடுமையான பதிலைத் தட்டச்சு செய்தபின், அனுப்பும் முன், அதனால் இருவருக்கும் விளையப்போகும் துன்பத்தை எண்ணிப் பார்ப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

எப்படித் தொடங்குவது?

* நாள்தோறும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம் வசதியாக அமரலாம்.

* மூச்சை இயல்பாக உள்ளிழுத்து, மெதுவாக வெளிவிட்டு, அதைக் கவனிக்கலாம். மூச்சை அடக்கும் பயிற்சிகளை ஆசிரியரிடம் நேரில் கற்பதே பாதுகாப்பானது.

* மனம் விலகியதை அறிந்ததும், தன்னைக் கடிந்துகொள்ளாமல் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். இப்படித் திரும்புவதுதான் பயிற்சி.

* இரவில், அன்று மனத்தைக் கலக்கிய ஒரு நிகழ்வை எடுத்து, நடந்ததையும் கற்பனையையும் பிரித்து எழுதிப் பார்க்கலாம்.

மருத்துவம் தேவைப்படும்போது

தொடரும் மனச்சோர்வு, உறக்கமின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இருந்தால், யோகா மட்டும் போதும் என்று காத்திருக்கக் கூடாது. மனநல மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்த நேரமும் அழைக்கலாம்.

இது யோக நெறிக்கு முரணானதும் அன்று. மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளைப் பட்டியலிடும் பதஞ்சலி, நோயைத்தான் முதலாவதாக வைத்திருக்கிறார். நோய்க்கு உரிய சிகிச்சை பெறுவது, அந்த முதல் தடையை நீக்குவதே ஆகும்.