முற்றத்தில் தோட்டம் வைக்கப் போறீங்களா? முதல்ல மழைத் தண்ணிக்கு வழி பண்ணுங்க!

கூழாங்கல், மூங்கில், ஒரு புத்தர் சிலை, பக்கத்தில் குட்டி நீரூற்று. ‘தஞ்சாவூர் ஸ்டைல் முற்றம்’ என்று ரீல்ஸில் சுற்றுவது பெரும்பாலும் இதுதான். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனால் கும்பகோணம், திருவையாறு பக்கத்துப் பாட்டி யாரிடமாவது காட்டினால், “இதுல வடகம் எங்கடா காயவைக்கிறது?” என்பார்.

டெல்டாவின் பழைய வீடுகளில் முற்றம் தோட்டமே கிடையாது. திண்ணை, ரேழி தாண்டிப் போனால் நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த வெறும் தரை. செடி என்றால் மாடத்தில் ஒரு துளசி. வாழை, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் கொல்லையில். ஆக, பழைய பாணி வேண்டுமென்றால் நடுவைக் காலியாக விடுவதுதான் முக்கியமான டிசைன்.

அந்தக் காலியிடம் சும்மா இல்லை. பகலில் சூடான காற்று அதன் வழியே மேலேறும். இரவில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்கும். எங்கள் வீட்டில் மழைக்குப் பயந்து மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். அடுத்த சித்திரையில் கூடத்துக்கு ஏசி வாங்க வேண்டியதாகிவிட்டது. திருடன், குரங்கு பயம் என்றால் கம்பி கிரில் போதும்.

50 மி.மீ மழை பெய்தால்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ மழை என்றால் 1 லிட்டர். முற்றமும், அதை நோக்கிச் சரியும் கூரையும் சேர்ந்து 400 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ மழைக்குச் சுமார் 1,850 லிட்டர் உள்ளே இறங்கும். தஞ்சை வட்டாரத்தின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால்தான் முற்றத்தைக் கூடத்தைவிடத் தாழ்வாக வைத்தார்கள். மூலையில் ஒரு தூம்பு. அக்ரஹார வீடுகளில் ஜலதாரை என்பார்கள்.

8 அடிக்கு 1 அங்குலம் சரிவு கொடுங்கள். தண்ணீரை உறிஞ்சுகுழிக்குத் திருப்பலாம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் டெல்டாவின் களிமண் மெதுவாகத்தான் உறிஞ்சும். குழி நிரம்பினால் வெளியேற இன்னொரு வழி வேண்டும். நீரூற்று ஆசையா? மோட்டார் ஒரு வாரம் நின்றாலே அது கொசுப் பண்ணை.

துளசி எந்தப் பக்கம்?

வடக்குப் பக்கம். மார்கழி தொடக்கத்தில் நடுப்பகல் சூரியன்கூட இங்கே 56 டிகிரி உயரத்தில், தெற்கே சாய்ந்துதான் நிற்கும். 8 அடி முற்றத்தில் தெற்குச் சுவர் 10 அடி என்றால், அதன் நிழல் தரையில் கிட்டத்தட்ட 7 அடிக்கு விழும். வெயில் கிடைப்பது வடக்கே ஒரு அடிக்கு மட்டும். அதே துளசியை 3 அடி மாடத்தில் ஏற்றினால், அந்த உயரத்தில் 3 அடிக்கு மேல் வெயில் பரவும். மாடம் சாமிக்கு மட்டுமில்லை, செடிக்கும்தான்!

மாடி வீடு என்றால் சுவர் 20 அடி. மார்கழியில் துளசி திணறும். அங்கே நிழல் தாங்கும் வெற்றிலைக் கொடியை ஒரு மூலைத் தொட்டியில் ஏற்றிவிடலாம். கும்பகோணம் வெற்றிலை விளைகிற ஊர்தானே. தரைக்கு வழுக்கும் டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பான கல்லோ செங்கல்லோ போடுங்கள். மரம் எதுவும் வேண்டவே வேண்டாம், வேர் முதலில் தேடிப்போவது தூம்பைத்தான்.

கொத்தனாருக்குக் கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன்னால், நாலு மூலையிலும் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குதுன்னு அவரே பார்க்கட்டும்.