தோட்டமா, வீடா? சாப்பாட்டு மேசையில் ஒரு வழக்கு

ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் ரூஜ் ஆற்றைத் தாண்டினால் பிக்கரிங். அங்கே ரூஜ் தேசிய நகரப் பூங்காவை ஒட்டினாற்போல டஃபின்ஸ் ரூஜ் விவசாய ஒதுக்கு நிலம் கிடக்கிறது. மாடிக் கட்டடங்களிலும் நிலக்கீழ் அறைகளிலும் குடியிருக்கும் எம்மவரில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அந்த நிலத்தைப் பற்றி மூன்று கட்சி உண்டு.

வழக்கு தொடங்கியது 2022 நவம்பரில். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பசுமை வலயத்தில் இருந்து சுமார் 7,400 ஏக்கரை எடுத்து, குறைந்தது 50,000 வீடுகள் கட்டுவதாக ஒன்ராறியோ அரசு அறிவித்தது. அதில் அரைவாசிக்கும் மேல் இந்த ஒதுக்கு நிலம்தான்.

முதலாவது கட்சி, அண்மையில் வந்து சேர்ந்த ஒரு தம்பி. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நிலக்கீழ் அறையில் இருக்கிறார். "அண்ணை, வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பிள்ளைகள் எங்கே படுக்கிறது? வீடு கட்டினால்தானே வாடகை குறையும்?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. மார்க்கத்திலும் ஏஜக்சிலும் எம்மவர் வாங்கிய வீடுகளில் பல, ஒரு காலத்தில் வயலாக இருந்த நிலத்தில் எழும்பியவைதான்.

இரண்டாவது கட்சி, பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் ஐயா. வலிகாமத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர். "மண் ஒருக்கால் போனால் போனதுதான் தம்பி. சீமெந்து போட்ட நிலத்தைத் திருப்பித் தோட்டமாக்கின ஆளை நான் காணேல்லை" என்றார்.

மூன்றாவது கட்சி, கொஞ்சம் படித்த அண்ணர் ஒருவர். "இனி மண்ணே தேவையில்லை. லெமிங்ரனில் கண்ணாடிக் கூடத்துக்குள் தக்காளியும் வெள்ளரியும் காய்க்குது. மிச்சத்தை மெக்சிக்கோவும் கலிபோர்னியாவும் அனுப்பும்" என்பது அவர் கதை.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சில கணக்குகளை நாங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

கனடாவின் முதல்தர விளைநிலத்தில் அரைவாசிக்குமேல் ஒன்ராறியோவில்தான் உண்டு. 2016க்கும் 2021க்கும் இடையில் இந்த மாகாணம் நாளொன்றுக்குச் சராசரி 319 ஏக்கர் விவசாய நிலத்தை இழந்ததாக விவசாயக் கணக்கெடுப்பு காட்டுகிறது. வீட்டுப் பிரச்சினையை ஆராய அரசு தானே அமைத்த குழுவோ, நிலத் தட்டுப்பாடு இதற்குக் காரணம் அல்ல என்று 2022 பெப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. நகரத்துக்குள்ளேயும் பசுமை வலயத்துக்கு வெளியேயும் இடம் இருக்கிறது என்பதே அதன் முடிவு. அப்படியானால் வயலை எடுத்ததில் யாருக்கு இலாபம்? தெரிந்தெடுத்த நிலங்களின் பெறுமதி 830 கோடி டொலருக்கு மேல் கூடக்கூடும் என்று மாகாணக் கணக்காய்வாளர் 2023 ஓகஸ்டில் அறிக்கையிட்டார். மக்கள் கொதித்தார்கள். 2023 செப்ரெம்பரில் முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார். அந்த நிலம் தப்பியது.

கண்ணாடிக் கூடத்து அண்ணருக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தக்காளி தானாகக் காய்ப்பதில்லை. 1966இல் ஜமெய்க்காவில் இருந்தும் 1974இல் மெக்சிக்கோவில் இருந்தும் பருவகாலத் தொழிலாளரைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இன்றும் அவர்களைப் போன்றவர்களின் கைகள்தான் ஆய்கின்றன. குடும்பத்தை ஊரில் விட்டு வந்து வேலை செய்வது என்னவென்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுகிறோம் என்பவர்களையும் நாங்கள் கண்டோம். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தது. கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் எங்கள் உறவினர் தொலைபேசியில், "யூரியா இல்லை, பயிர் மஞ்சளாய் நிற்குது" என்று அழுதார். நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் அந்தக் காலபோகம் போய்விட்டது, நாடு அரிசியை வெளியில் வாங்கியது. அதற்காக உரத்தை அள்ளிக் கொட்டுவதும் சரியல்ல. சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணத்தில் தோட்டத்து உரம் கிணற்றுக்குள் இறங்கியதையும், அதையே ஊர் குடித்ததையும் ஐயாவே ஒத்துக்கொள்கிறார். மாற்றம் வேண்டும். ஆனால் கமக்காரனைக் கேட்டு, படிப்படியாக வரவேண்டும்.

பிக்கரிங்கில் இன்னொரு கதையும் உண்டு. 1972இல் விமான நிலையம் கட்டவென்று அங்கே சுமார் 18,600 ஏக்கரை மத்திய அரசு எடுப்பதாக அறிவித்தது. கமக்காரக் குடும்பங்கள் வெளியேறின. விமான நிலையம் வரவேயில்லை. அது கட்டப்படமாட்டாது என்று 2025 ஜனவரியில்தான் அரசு சொன்னது. ஐம்பது வருடத்துக்கு மேலான காத்திருப்பு! இதைச் சொன்னபோது ஐயா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டார். பலாலி விமானத் தளத்தைச் சுற்றிய அவருடைய காணி 1990இல் போனது. பிக்கரிங் மக்களுக்கு விலை கொடுத்தார்கள், எங்களுக்கு ஷெல் விழுந்தது. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதியை விட்டிருக்கிறார்கள், இன்னும் முழுவதும் விடவில்லை. "எனக்குக் காசு வேண்டாம், அந்தச் செம்மண்ணில் ஒரு பாத்தி வெங்காயம் நட்டால் போதும்" என்றார். நிலக்கீழ் அறைத் தம்பி அன்று பதில் பேசவில்லை.

தம்பிக்கு வீடு வேண்டும், ஐயாவுக்கு மண் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எங்களை நம்பவைப்பவர்கள்தான் இலாபம் அடைகிறார்கள் என்பது எங்கள் எண்ணம். பேருந்து ஓடும் வீதிகளில், உள்ள நகரத்துக்குள்ளே, எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு கட்டுங்கள் என்று கேட்போம். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைத் தமிழிலும் கேட்கலாம், எங்கள் தொகுதிகளில் அவர்களுக்கு விளங்கும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று. ரொறன்ரோ மாநகரசபை சிறு தோட்டத் துண்டுகளை வாடகைக்குக் கொடுக்கிறது. வரிசை நீளம், இப்போதே பெயரைப் பதியுங்கள். மே மாத விக்ரோறியா நாள் விடுமுறைக்கு முன் கத்தரி, மிளகாய்க் கன்றுகளை வெளியில் நடவேண்டாம், உறைபனி கருக்கிவிடும். அதுவரை யன்னலோரம் வளருங்கள்.

போன வைகாசியில் ஐயாவும் தம்பியும் சேர்ந்து ஒரு துண்டில் வெண்டி நட்டார்கள். தம்பியின் மூத்த மகள் பாத்திக்குத் தண்ணீர் விட்டாள். வெண்டிக்காய் கடையில் அல்ல, செடியில் காய்ப்பது என்பதை அன்றைக்குத்தான் அவள் கண்டாள்.