தீக்காயம்: ஒட்டுவதற்கு எவ்வளவு தோல் வேண்டும்?

"தோல் வைக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொன்னதும், "என் தொடையிலிருந்து எடுத்துக்கோங்க" என்று முன்வரும் உறவினர்கள் உண்டு. ஆனால் பிறர் தோல் நிலைக்காது. சில வாரங்களில் உடல் அதை உதறிவிடும். நிரந்தரமாக ஒட்டுவது நோயாளியின் சொந்தத் தோல் மட்டுமே. அது போதுமா என்பதே கேள்வி.

கணக்கு இப்படி

விரல்களோடு சேர்த்து நோயாளியின் உள்ளங்கை, அவர் உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் 9, ஒரு கை 9, ஒரு கால் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18. குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது என்பதால் தனி அட்டவணை. வெறுமனே சிவந்த இடம் இதில் சேராது. மேலோட்டமான புண் இரண்டு, மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும். ஆழமான புண்ணுக்கே தோல் வைக்கிறார்கள்.

160 செ.மீ. உயரம், 60 கிலோ எடை உள்ளவரின் உடல் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். அதில் 20 சதவீதம் ஆழமாக வெந்திருந்தால் புண் 3,200 சதுர செ.மீ. எடுத்த தோலில் கருவியால் துளையிட்டு, வலைபோல் 1.5 மடங்கு விரித்தால் சுமார் 2,130 போதும். 3 மடங்கு விரித்தால் 1,070. நடைமுறையில் அவ்வளவு விரியாது, ஓரங்களும் வீணாகும். அதனால் கூடுதலாகவே எடுப்பார்கள். முகத்துக்கும் கைக்கும் பெரும்பாலும் விரிக்காத முழுத் தோல்தான்.

தோல் எடுத்த இடம்

டெர்மட்டோம் என்ற கருவி, தொடையிலிருந்து கால் மில்லிமீட்டர் கனத்தில் தோலைச் சீவி எடுக்கும். அந்த இடம் ஆற இரண்டு வாரம் ஆகும். ஆறியபின் அங்கேயே மறுபடி எடுக்கலாம். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடமே அதிகம் வலிக்கலாம். நிறமாற்றம், தழும்பு, தொற்று ஆகியவற்றுக்கும் வாய்ப்புண்டு.

போதாதபோது

60 சதவீதம் வெந்தவருக்கு மிச்சம் 40. அதிலும் முகம், உள்ளங்கை, பாதத்திலிருந்து எடுக்க முடியாது. இங்கேதான் தோல் வங்கி கைகொடுக்கிறது. தானமாக வந்த தோல் புண்ணைத் தற்காலிகமாக மூடி, நீரிழப்பையும் தொற்றையும் குறைக்கிறது. அதற்குள் சொந்தத் தோல் எடுத்த இடம் ஆறிவிடும். இரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை.

உங்கள் உரிமை

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: எத்தனை சதவீதம் ஆழமான புண்? எங்கிருந்து எடுப்பீர்கள்? எத்தனை முறை அறுவை? சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். போலீஸ் கேஸ் என்று அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என 1989-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களுக்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தீப்பட்டதும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்; புண் ஆழமாவது குறையும். பற்பசையும் பேனா மையும் தடவினால் டாக்டரால் ஆழத்தைக் கணிக்க முடியாது.

இறந்த 6 மணி நேரத்துக்குள் தோலைத் தானமாகப் பெறலாம். கால், தொடை, முதுகிலிருந்து மெல்லிய மேலடுக்கு மட்டுமே எடுப்பதால் உடல் உருக்குலையாது. வீட்டில் துக்கம் நேரும்போது கண் வங்கிக்குப் போன் செய்பவர் தோல் வங்கிக்கும் சொல்லிவிடலாம். எண்ணை இன்றே குறித்துவையுங்கள்.