வானிலிருந்து தெரியும் பழைய எல்லைகள்

செமினி வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நமக்கு எல்லைக் கான் புதியதன்று. மண்வெட்டியால் வெட்டிய பள்ளம். பக்கத்தில், தோண்டிய மண்ணின் மேடு. காலப்போக்கில் பள்ளம் தூர்ந்து, மேடு கரைந்து, புல் மூடிவிடும். அதன்மேல் நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வானிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். எப்படி என்று இன்று அறிந்துகொள்வோம்.

கோலத்தின்மேல் ஊரும் எறும்புக்கு மாவு மட்டுமே தெரிகிறது. நிமிர்ந்து நிற்கும் நமக்கோ முழுக் கோலமும் தெரிகிறது. விமானப் படமும் அப்படித்தான். அதில் இரண்டு அடையாளங்களைத் தேடுவார்கள். முதலாவது நிழல். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது, ஓர் அடி மேடுகூட நீண்ட நிழல் தரும். உச்சி வெயிலில் அது மறைந்துவிடும். இரண்டாவது நிறம். தூர்ந்த பள்ளத்தில் ஈரம் அதிகநாள் தங்கும். ஆகவே வறட்சியில் சுற்றிலும் புல் காய்ந்தாலும், அந்தக் கோட்டில் மட்டும் பச்சை நிற்கும்.

சயாம் என்றதும் நம் குடும்பங்களுக்கு மரண ரயில் பாதைதான் நினைவுக்கு வரும். அதே சயாமின் கிழக்குப் பகுதியில், விமானப் படங்களைக் கொண்டு பழைய அகழிகளையும் மண்கரைகளையும் கண்டவர் பீட்டர் வில்லியம்ஸ்-ஹண்ட். மலாயாவில் பூர்வகுடி மக்களின் ஆலோசகராகப் பணியாற்றியவர். 1950இல் அவர் எழுதிய கட்டுரை, மேடான பழைய ஊர்களை வளையம் வளையமாகச் சூழ்ந்த அகழிகளை உலகுக்குக் காட்டியது.

ஆனால் படம் இடத்தைக் காட்டுமே தவிர, வயதைச் சொல்லாது. பல ஆண்டுகள் கழித்து அத்தகைய ஊர்களில் அகழ்வாய்வு நடந்த பிறகே, அவை இரும்புக் கால மக்கள் வாழ்ந்த இடங்கள் என்பது தெளிவாயிற்று.

காடு மூடிய இடத்தில் என்ன செய்வது? 2012இல் கம்போடியாவின் அங்கோர் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் ஒளிக்கதிர்களைப் பாய்ச்சினார்கள். இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பிய கதிர்களைக் கொண்டு, மரங்களை நீக்கிவிட்டதுபோன்ற தரைப்படம் வரைந்தார்கள். காட்டுக்குள் மறைந்திருந்த தெருக்களும் குளங்களும் மண்கரைகளும் அதில் வெளிப்பட்டன.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது, மண்வாரி இயந்திரம் கானையும் மேட்டையும் வழித்து எடுத்துவிடுகிறது. அடியோடு வழித்த மண்ணில் எந்த விமானமும் எதையும் காண முடியாது. கோயில் நிலம் எதுவரை, இடுகாடு எதுவரை என்ற கேள்வி எழும்போது, காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இராது.

ஆகவே பெற்றோர்களே, இந்த வாரமே பிள்ளைகளை ஒரு தாளும் பென்சிலுமாகத் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். லயம் எங்கிருந்தது, எல்லைக் கான் எந்த வழியாக ஓடியது, அதை யார் வெட்டினார்கள் என்று கேட்டு வரையட்டும், தேதியும் எழுதட்டும். கோடு இருப்பதைப் படம் காட்டும். அதை வெட்டிய கைகள் யாருடையவை என்பதை நம் பெரியவர்கள்தாம் சொல்ல முடியும்.