வழிகாட்டும் எண்கள்

நுழையும்முன்

நெடிய அறிக்கையோ ஆய்வேடோ பெரும்பாலும் தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ச்சியாகப் படிக்கப்படுவதில்லை. படிப்பவர் முன்னே சென்றும் பின்னே திரும்பியும் தமக்கு வேண்டிய படத்தையும் அட்டவணையையும் தேடுகிறார். அவருக்கு வழிகாட்டுவன எண்களே. அவ்வெண்களைக் கணினியில் வழுவின்றிப் பேணும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

மரபில் சுட்டும் முறை

நூலின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைச் சுட்டுவது தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கையாள வேண்டிய 32 உத்திகளைத் தொகுத்துரைக்கிறது. ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என்னும் இரண்டும் அவற்றுள் அடங்கும். பின்னர்க் கூறவிருப்பதை முன்னரே அறிவித்தல் முன்னது. முன்னர்க் கூறியதை நினைவூட்டல் பின்னது. இன்றைய நூல்களில் ‘படம் 9 காண்க’, ‘பக்கம் 42 காண்க’ என வரும் தொடர்களும் இப்பணியையே செய்கின்றன. இவை குறுக்குக் குறிப்புகள் எனப்படும்.

அச்சாகி வெளிவந்த நூலில் எண்கள் நிலைபெற்றுவிடுகின்றன. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஆவணத்திலோ அவை நாள்தோறும் மாறுகின்றன. சிக்கல் அங்கேதான் தோன்றுகிறது.

ஒரு படம் கூடியதால்

ஊர் ஏரியைக் களஆய்வு செய்த மாணவர் குழு ஒன்று, ஊராட்சிக்கு அளிப்பதற்காக 80 பக்க அறிக்கையைத் தட்டச்சு செய்கிறது எனக் கொள்க. அதில் 24 படங்கள் உள்ளன. எட்டாம் படம் நல்ல நிலையிலுள்ள வடக்கு மதகைக் காட்டுகிறது. ஒன்பதாம் படம் விரிசல் கண்ட தெற்கு மதகைக் காட்டுகிறது. ‘படம் 9இல் உள்ள மதகைப் பருவமழைக்கு முன்னர்ச் செப்பனிட வேண்டும்’ என்பது அறிக்கையின் தலையாய பரிந்துரை.

ஒப்படைப்பதற்கு முந்தைய மாலையில், ஏழாம் இடத்தில் புதிய வரைபடம் ஒன்று சேர்க்கப்படுகிறது. பழைய 7 முதல் 24 வரையிலான 18 படங்களும் ஓரெண் தள்ளி, 8 முதல் 25 வரை எண் பெறுகின்றன. படங்களின் கீழுள்ள எண்களைத் திருத்திய குழுவினர், பரிந்துரையில் உள்ள எண்ணைத் திருத்த மறந்துவிடுகின்றனர். இப்போது படம் 9 என்பது பழுதற்ற வடக்கு மதகு! தொடரில் எழுத்துப்பிழையும் இல்லை, இலக்கணப்பிழையும் இல்லை. பிழைதிருத்திக் கருவியால் இத்தவற்றைக் காண இயலாது. அறிக்கையை நம்பிச் செல்லும் பணியாளர் பழுதற்ற மதகின் முன் நிற்பார்.

‘தேடி மாற்றுதல்’ என்னும் கட்டளையை நாடுவதும் இடர் தரும். 7ஐ 8 என மாற்றிய பின்னர் 8ஐ 9 என மாற்றினால், சற்று முன்னர் மாறிய 8உம் சேர்ந்தே 9 ஆகிவிடும். இவ்வாறே தொடர்ந்தால், இறுதியில் அவ்வெண்கள் அனைத்தும் 25 என்றே நிற்கும். கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்தால் இக்குழப்பம் நேராது. ஆயினும், புதிய படம் இரண்டாம் இடத்தில் சேர்ந்திருப்பின் ‘படம் 2’ என்று தேடும்போது ‘படம் 20’, ‘படம் 21’ முதலியவற்றின் முற்பகுதியும் அகப்படும்.

விளக்கவரியின் உறுப்புகள்

படத்திற்கும் அட்டவணைக்கும் உரிய தலைப்பினை விளக்கவரி எனலாம். அது பெயர், எண், விளக்கம் என மூன்று உறுப்புகளை உடையது. ‘படம் 9: விரிசல் கண்ட தெற்கு மதகு’ என்பதில் இம்மூன்றும் அமைந்துள்ளன. படத்தின் விளக்கவரி அதன் கீழும் அட்டவணையின் விளக்கவரி அதன் மேலும் இடம்பெறுவது பெருவழக்கு. ‘மதகு’ என்று மட்டும் எழுதினால் அது எந்த மதகு, எந்நிலையில் உள்ளது என்பன விளங்கா. உரையைப் படிக்காமல் விளக்கவரியை மட்டும் நோக்குபவருக்கும் படத்தின் பொருள் புலப்பட வேண்டும்.

எண்ணன்று, அடையாளம்

சொற்செயலி அமைத்துத் தரும் விளக்கவரியில் எண் என்பது தட்டச்சு செய்த எழுத்தன்று. கணக்கிட்டுப் பெற்ற மதிப்பு. ஆவணத்தின் தொடக்கத்திலிருந்து அப்படம் எத்தனையாவது என எண்ணி, அம்மதிப்பைச் சொற்செயலி இடுகிறது. இவ்வாறு மதிப்பு இடப்படும் இடம் ‘புலம்’ எனப்படும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘ரெஃபரன்சஸ்’ பட்டையில் உள்ள ‘இன்சர்ட் கேப்ஷன்’ என்னும் கட்டளை இப்புலத்தை அமைக்கிறது. ‘நியூ லேபிள்’ வாயிலாகப் ‘படம்’, ‘அட்டவணை’ ஆகிய தமிழ்ப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குறுக்குக் குறிப்பை அமைக்க, அதே பட்டையிலுள்ள ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ கட்டளையைத் திறந்து, உரிய படத்தைப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்தல் வேண்டும். அப்போது சொற்செயலி அப்படத்தின் விளக்கவரியில் கண்ணுக்குப் புலப்படாத அடையாளக்குறி ஒன்றை இடுகிறது. குறிப்பு பற்றிக்கொண்டிருப்பது அவ்வடையாளத்தையே; 9 என்னும் எண்ணையன்று. தெற்கு மதகின் படம் பத்தாம் இடத்திற்கு நகர்ந்தாலும், புதுப்பித்தவுடன் குறிப்பும் ‘படம் 10’ என மாறிவிடும்.

1980களில் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய லேடெக் என்னும் ஆவணம் அமைக்கும் முறையும் இக்கொள்கை உடையதே. அதில் எழுதுபவரே ஒவ்வொரு படத்திற்கும் ஓர் அடையாளப்பெயர் சூட்டி, உரையில் அப்பெயரால் அதைச் சுட்டுவார். அச்சில் பெயருக்கு மாற்றாக எண் தோன்றும். சூட்டாத பெயரைச் சுட்டினால், அவ்விடத்தில் இரண்டு வினாக்குறிகள் தோன்றி எச்சரிக்கும்.

தமிழ்த் தொடரில் குறிப்பு

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் இறுதியில் சேரும். ‘படம்’ என்பது ‘இல்’ உருபு ஏற்கும்போது ‘படத்தில்’ எனத் திரியும். வேர்ட் மென்பொருளோ விளக்கவரியின் பெயரையும் எண்ணையும் சேர்த்துப் ‘படம் 9’ எனத் திரிபின்றியே தரும். எனவே உருபை எண்ணின் பின்னர்ச் சேர்த்துப் ‘படம் 9இல்’, ‘படம் 9ஐ’ என எழுதுவது தக்கது. லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் எண்ணை மட்டும் பெறும் வசதி உண்டு. அதனால், ‘9ஆம் படத்தில்’ என்று எழுதவும் அங்கு இயலும்.

புதுப்பித்தல்

கட்டளை வாயிலாகப் புதிய விளக்கவரியைச் சேர்த்தவுடன், பிற விளக்கவரிகளின் எண்களை வேர்ட் தானே திருத்திவிடும். ஆனால், உரையில் உள்ள குறுக்குக் குறிப்புகள் புதுப்பிக்கும்வரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

1. கண்ட்ரோல் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தி உரை முழுவதையும் தெரிவுசெய்து, எஃப்9 விசையை அழுத்தினால் புலங்கள் புதுப்பிக்கப்படும்.

2. அடிக்குறிப்புகளும் உரைப்பெட்டிகளும் அத்தெரிவில் அடங்கா. அவற்றைத் தனியே புதுப்பித்தல் வேண்டும்.

3. புலத்தில் உள்ள எண்ணின்மீது கையால் வேறோர் எண்ணைத் தட்டச்சு செய்தல் கூடாது. அடுத்த புதுப்பித்தலில் அத்திருத்தம் அழியும்.

4. சுட்டப்பட்ட படத்தை விளக்கவரியோடு நீக்கிவிட்டுப் புதுப்பித்தால், குறிப்பு இருந்த இடத்தில் மூலம் காணப்படவில்லை என்னும் பொருளுடைய பிழைச்செய்தி தோன்றும். அச்சிடும் முன்னர் அத்தகைய இடங்களைத் தேடிக் களைதல் வேண்டும்.

முறையாக அமைந்த விளக்கவரிகளால் மற்றொரு பயனும் உண்டு. படங்களின் பட்டியலைப் பக்க எண்களோடு சொற்செயலியே தொகுத்துத் தரும்.

கணினியின் எல்லை

கணினி எண்ணைக் காக்கும். பொருளைக் காப்பது எழுதுபவரின் கடமை. எழுதுபவர் தொடக்கத்திலேயே தெற்கு மதகுக்கு மாறாக வடக்கு மதகைத் தெரிவுசெய்திருந்தால், அத்தவற்றையும் கணினி இறுதிவரை வழுவாமல் பேணிவரும். ஆதலால், பணி நிறைவுற்றபின் ஒவ்வொரு குறிப்பையும் அது சுட்டும் படத்தோடு ஒருமுறை ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. அறிக்கையை ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்த்தல் நன்று. எழுதியவரின் கண் தான் நினைத்ததையே காணும்.

‘படம் காண்க’ என்பது எழுதுபவர் படிப்பவருக்கு அளிக்கும் வாக்குறுதி. அவர் பக்கத்தைத் திருப்பும்போது கூறிய பொருள் கூறிய இடத்தில் இருத்தல் வேண்டும். அவ்வாறு இருப்பின், மழைக்கு முன்னர்ச் செப்பனிடப்படுவது விரிசல் கண்ட மதகாகவே இருக்கும்.