பாட்டி சேலையில் தூளி கட்டும் முன்... பீரோவில் அந்துருண்டை இருக்கா?

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் அலசி ஆராய்ந்து எடுத்த தீபாவளி டிரெஸ். பொங்கலுக்கு பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை! ஏன்?

தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழை நேரத்தில். ‘ஒரு தடவைதானே போட்டோம்’ என்று வியர்வையோடு மடித்து வைத்தால், அந்த ஈரமும் அழுக்கும் பூஞ்சைக்குத் தீனி. கஞ்சி போட்ட காட்டன் சேலை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்தே. கஞ்சி போக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள். பட்டுக்கு பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய காட்டன் வேட்டி போதும். 3 மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே இற்றுப்போகும்.

சைஸ் சின்னதாகிப் போச்சா? பக்கத் தையலில் துணி விட்டிருந்தால் டெய்லரே பிரித்துப் பெருசாக்கிடுவார். தைக்கக் கொடுக்கும்போதே 1 இன்ச் உள்ளே விடச் சொல்லிடுங்க.

அடுத்தது, கவனமாக இருக்க வேண்டிய அந்துருண்டை. பல அந்துருண்டைகளில் இருப்பது நாப்தலீன். அது ஆவியாகி துணியில் படியும். நம்மூரில் பாட்டி சேலையை எடுத்து அப்படியே தூளி கட்டுவோம் இல்லையா? ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள பச்சிளம் குழந்தைக்கு இந்த நாப்தலீனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகலாம். அந்தக் குறை குழந்தையைப் பார்த்தால் தெரியாது. அதனால் தூளிச் சேலை, குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் அந்துருண்டை போடவே வேண்டாம். காய்ந்த வேப்பிலை வைக்கலாம். ஆனால், அழுக்குத் துணியை வேப்பிலையும் காப்பாற்றாது!