38 பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் பாட் ஏன் ஊமையாகிறது?



எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாளுக்கு முந்தின நாள் இரவு அது. ஐந்தாம் படிவ மாணவர்கள் 38 பேருக்காக டெலிகிராமில் ஒரு சாட்பாட் செய்து வைத்திருந்தேன். மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று கேள்வி கேட்கும். நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் சரியா, தவறா என்று சொல்லும். மதிப்பெண்ணை இணைய விரிதாளில் எழுதி வைக்கும். வீட்டில் நான் மட்டும் சோதித்தபோது டக் டக்கென்று பதில் வந்தது. அன்று எட்டரை மணிக்கு எல்லாரும் ஒன்றாக நுழைந்தார்கள். பாட் வாயை மூடிக்கொண்டது.

புலனத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், எனக்கு மட்டும் பதில் வர மாட்டேங்குது. என்னை ப்ளாக் பண்ணிட்டீங்களா?" எட்டு முறை அழுத்திப் பார்த்திருக்கிறாள். அப்புறம் போனை வைத்துவிட்டுப் படுத்துவிட்டாளாம். பழமொழிகளில் அவளுக்குத்தான் அந்தப் பயிற்சி அதிகம் தேவைப்பட்டது.

தவறு அவள் இணையத்திலும் இல்லை, டெலிகிராமிலும் இல்லை. நான் எழுதிய நிரலில், வந்த நிகழ்வுகளை யாரிடம் எந்த வரிசையில் ஒப்படைப்பது என்ற இடத்தில் இருந்தது. பாட் செய்யும் ஆசிரியர்கள் இப்போது பலர் இருப்பதால், அந்த இடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நான் பயன்படுத்தியது பைதான்-டெலிகிராம்-பாட் என்ற நிரல் நூலகம். 20-ஆம் பதிப்பிலிருந்து அது முழுக்க ஒத்திசைவற்ற முறைக்கு மாறிவிட்டது.

ஒத்திசைவற்ற முறை என்றால் பயப்பட வேண்டாம். மாமாக் கடைக்குப் போயிருப்பீர்கள். ஒரே அண்ணன்தான் பத்து மேசைக்கும் ஆர்டர் எடுப்பார். "தே தாரேக் ஒண்ணு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்கு வந்துவிடுவார். தேநீர் ஆறும் வரை அங்கேயே நிற்க மாட்டார். ஆள் ஒருவர்தான். ஆனால் காத்திருக்கும் நேரத்தை வீணாக்காததால் பத்து மேசையும் நகர்கிறது. பைதானில் அந்த அண்ணனுக்குப் பெயர் நிகழ்வுச் சுழல். "இது வர நேரமாகும், நீ அடுத்த வேலையைப் பார்" என்று அவரிடம் சொல்லும் சொல்தான் 'அவெய்ட்'.

இப்போது ஒரு மாணவர் பொத்தானை அழுத்துகிறார். டெலிகிராம் அதை ஒரு நிகழ்வாகப் பதிந்து, எண் போட்டு, தன் சேவையகத்தில் வைக்கிறது. புதுச் செய்தி, திருத்திய செய்தி, பொத்தான் அழுத்தம், வாக்கெடுப்புப் பதில் என்று பல வகை உண்டு. ஒரு நிகழ்வில் ஒரு வகைதான் இருக்கும். நம் நிரல் "புதுசா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கும். இல்லையென்றால் சேவையகம் உடனே இல்லை என்று சொல்லாமல், இணைப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் காத்திருக்கும். வந்த நிகழ்வுகள் நம் பக்கத்தில் ஒரு வரிசையில் சேரும். அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உரிய கையாளியிடம் ஒப்படைப்பதுதான் பகிர்வு வேலை. கையாளி என்பது நாம் எழுதும் ஒரு செயற்கூறு: கட்டளைக்கு ஒன்று, சாதாரணச் செய்திக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று.

எந்தக் கையாளிக்கு முதல் உரிமை? இங்கேதான் தமிழாசிரியர்களுக்குக் கை நழுவும். இலக்கணம் நடத்தும்போது பொதுவிதியை முதலில் சொல்லி, சிறப்பு விதியைப் பின்னால் சொல்கிறோம். இங்கே அது தலைகீழ். கையாளிகளை நாம் பதிந்த வரிசையிலேயே நூலகம் பார்த்துக்கொண்டு போகும். பொருந்துகிற முதல் கையாளியிடம் கொடுத்துவிட்டு அந்தக் குழுவில் நின்றுவிடும். "எந்தச் செய்தி வந்தாலும் எடுத்துக்கொள்" என்ற பொதுக் கையாளியை முதலில் பதிந்தால், "பழமொழி என்ற சொல் இருந்தால் மட்டும் எடு" என்று பின்னால் பதிந்த சிறப்புக் கையாளிக்கு எதுவுமே போய்ச் சேராது. பிழைச்செய்தியும் வராது. அதனால் சிறப்பு முதலில், பொது கடைசியில். வருகை பதிவது மாதிரி எல்லா நிகழ்வுக்கும் நடக்க வேண்டிய வேலை இருந்தால் அதை வேறு குழு எண்ணில் போடுங்கள். குழுக்கள் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு நடக்கும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கையாளிக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

இனி அன்றைய இரவுக்கு வருவோம். என் பொத்தான் கையாளி செய்தது இதுதான்: விடையைச் சரிபார்த்தது, விரிதாளில் மதிப்பெண்ணை எழுதியது, அதற்குப் பிறகே மாணவருக்குப் பதில் சொன்னது. விரிதாளில் எழுத ஏறக்குறைய இரண்டு வினாடி. நான் பயன்படுத்திய விரிதாள் நூலகம் பழைய பாணி. அது எழுதி முடிக்கும் வரை சுழலையே பிடித்து வைத்துக்கொள்ளும். அண்ணன் அடுப்பங்கரையில் போய் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 பேர், ஆளுக்கு இரண்டு வினாடி. கடைசி மாணவருக்கு 76 வினாடி கழித்துத்தான் பதில். அதற்குள் அவர் சும்மா இருப்பாரா? மறுபடி அழுத்துவார். ஒவ்வோர் அழுத்தமும் ஒரு புது நிகழ்வு. வரிசையின் வாலில் போய் நிற்கும். அந்த மாணவியின் எட்டு அழுத்தமும் அவளுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பதினாறு வினாடி தள்ளிவிட்டது.

செயற்கூறின் முன்னால் 'அசிங்க்' என்று எழுதியிருந்தேனே, அது போதாதா? போதாது. நான் ஏமாந்ததும் அங்கேதான். 'அசிங்க்' என்று எழுதினால் அந்தச் செயற்கூறு வழிவிடத் தகுதி பெறுகிறது, அவ்வளவே. உள்ளே 'அவெய்ட்' வரும் இடத்தில்தான் உண்மையில் வழிவிடும். நடுவில் 'டைம்.ஸ்லீப்' என்றோ பழைய பாணி விரிதாள் நூலகத்தையோ அழைத்தால் சுழல் உறைந்துபோகும். இடைவெளி வேண்டுமென்றால் 'அசிங்க்ஐஓ.ஸ்லீப்' என்பதை 'அவெய்ட்' சேர்த்து எழுதுங்கள். பழைய பாணி நூலகத்தை விட முடியவில்லை என்றால் 'அசிங்க்ஐஓ.டு_த்ரெட்' வழியாக அதைத் தனி இழைக்கு அனுப்பலாம். பைதான் 3.9 முதல் அந்த வசதி இருக்கிறது.

அதைச் செய்தேன். அப்போதும் பாட் மெதுவாகத்தான் ஓடியது! காரணம் இரண்டாம் அடுக்கில் இருந்தது. சுழல் விடுபட்டாலும், இந்த நூலகத்தின் பகிர்வாளர் இயல்பு நிலையில் ஒரு நிகழ்வின் கையாளி முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த நிகழ்வை எடுக்கும். வரிசை குலையக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல காரணம்தான். ஒருவர் "தொடங்கு" என்று அனுப்பிவிட்டு "நிறுத்து" என்று அனுப்பினால், நிறுத்து முதலில் நடந்துவிடக் கூடாது அல்லவா? இதைத் தளர்த்த வழி உண்டு. கையாளியைப் பதியும்போது 'பிளாக்' என்ற விருப்பத்தை 'ஃபால்ஸ்' என்று வைத்தால், அந்தக் கையாளி தனிப் பணியாக ஓடும். பகிர்வாளர் காத்திருக்காமல் அடுத்ததை எடுக்கும்.

எல்லாம் சரி என்று நினைத்தேன். அடுத்த நாள் சோதித்தால், ஒரே கேள்விக்கு ஒரே மாணவருக்கு இரண்டு மதிப்பெண் ஏறியிருந்தது. அவசரத்தில் இரண்டு முறை அழுத்திய இரண்டு நிகழ்வும் இப்போது ஒன்றாக ஓடுகின்றன. "இவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாரா?" என்று இரண்டுமே விரிதாளைப் பார்த்தன, இரண்டுக்குமே "இல்லை" என்று வந்தது, இரண்டுமே எழுதின.

இதற்குத் தீர்வு சுழலின் குணத்திலேயே இருக்கிறது. ஓர் 'அவெய்ட்'டுக்கும் அடுத்த 'அவெய்ட்'டுக்கும் நடுவில் சுழலில் உள்ள வேறு எந்தப் பணியும் குறுக்கே வர முடியாது. ஆகவே மாணவரின் அடையாள எண்ணையும் கேள்வி எண்ணையும் நினைவகத்தில் ஒரு பட்டியலாக வைத்து, "இருக்கிறதா? இல்லையென்றால் சேர்" என்ற இரண்டு வரியையும் நடுவில் 'அவெய்ட்' இல்லாமல் எழுதினால் போதும். பூட்டும் சாவியும் தேவையில்லை. பாட்டை நிறுத்தினால் இந்தப் பட்டியல் மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு இது தாராளம்.

கடைசியில் கையாளியை இப்படி மாற்றி எழுதினேன். முதல் வேலை, பொத்தான் அழுத்தத்துக்கு ஒப்புகை. அது போகும் வரை மாணவரின் திரையில் பொத்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றுதான் அவரை மறுபடி அழுத்த வைக்கிறது. இரண்டாவது, பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சேர்ப்பது. மூன்றாவது, சரியா தவறா என்ற பதில். மதிப்பெண்ணை விரிதாளுக்கு அனுப்பாமல் இன்னொரு வரிசையில் போட்டுவிட்டுக் கையாளி கிளம்பிவிடும். பின்னணியில் தனிப் பணி ஒன்று பத்து வினாடிக்கு ஒரு தடவை அந்த வரிசையில் சேர்ந்ததை அள்ளி, மொத்தமாக ஒரே தடவை எழுதும். கையாளியில் மெதுவான வேலை எதுவும் இல்லாததால் 'பிளாக்' விருப்பத்தையும் பழையபடி மாற்றிவிட்டேன்; வரிசையும் குலையவில்லை. பாட்டை நிறுத்தும்போது அந்த வரிசையில் மிச்சம் இருப்பதை எழுதிவிட்டு நிறுத்த வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒரு வகுப்பின் பாதி மதிப்பெண் அதில் போயிருக்கிறது.

தமிழ் எழுத்தால் வரும் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். பொத்தானோடு நாம் மறைத்து அனுப்பும் தரவுக்கு டெலிகிராம் 64 பைட் வரைதான் அனுமதிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் கொம்பும் காலும் புள்ளியும் தனிக் குறியீடு. "பழமொழி" என்ற நான்கு எழுத்துச் சொல்லே 18 பைட் பிடிக்கும். முழுப் பழமொழியைத் தரவில் வைத்தால் பொத்தானே வராது. கேள்வி எண், விடை எண் மட்டும் வையுங்கள். பொத்தானின் மேல் தெரியும் எழுத்து தமிழிலேயே இருக்கலாம். கட்டளைப் பெயரிலும் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். தமிழ்ச்சொல்லைக் கட்டளையாக்க வேண்டுமென்றால் செய்திக் கையாளியில் அந்தச் சொல்லை வடிகட்டியாக வைக்க வேண்டும். அங்கேயும் பைதானின் வழக்கமான தேடல் வடிவத்தில் 'சொல்லெழுத்து' என்ற குறியை நம்பாதீர்கள். அது மாத்திரைக் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. "தமிழ்" என்று கொடுத்தால் "தம", "ழ" என்று வெட்டித் தரும். எனக்கு வயிறெரிந்த இடம் அது.

இன்னொன்று. பாட் நின்றிருக்கும் நேரத்தில் மாணவர்கள் அழுத்தியதை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். மறுபடி ஓடவிட்டதும் அத்தனையும் கொட்டும். பழையதைத் தள்ளிவிடச் சொல்லும் விருப்பமும் நூலகத்தில் உண்டு. பயிற்சிக்கு நான் தள்ளிவிடுவேன். ஒப்படைப்பு வாங்கும் பாட்டாக இருந்தால் தள்ள மாட்டேன்.

உங்கள் பாட்டை மாணவரிடம் கொடுக்கும் முன் ஆசிரியர் அறையில் ஐந்து பேரைப் பிடியுங்கள். விரிதாளில் எழுதும் இடத்தில் வேண்டுமென்றே ஐந்து வினாடித் தாமதம் வையுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஐந்து பேரும் ஒன்றாக அழுத்தட்டும். கடைசி ஆளின் பொத்தான் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.